பாவுக்கு வந்தவர்கள்

புளித்த கஞ்சியின் வாடையிலிருந்து தப்பிக்கத்தான் நான் கல்யாணமே பண்ணிக்கொண்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். ஆனால் அதில் பாதி உண்மை. தறி இல்லாத வீடு, மளிகைக் கடை, விருதுநகர் என்று தரகர் சொன்னதும் மாப்பிள்ளையின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தலையாட்டியவள் நான். இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து, போன மாதம், அதே வாடை கனடாவில் மோகன் அண்ணன் வீட்டு அடுப்படியில் என் மூக்கில் ஏறியது.

மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தேன். மோகன் அண்ணன் என் பெரியப்பா மகன். மகள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறார். நான் விமானம் ஏறுவதற்கு முன்பே அவருக்குச் சேதி போய்விட்டது, எங்கள் சொந்தத்தில் வாய்க்குப் பூட்டுப் போட்டவர்கள் யாரும் கிடையாது. தினமும் போன். நானும் பேரனுக்குச் சளி, மகளுக்கு முதுகுவலி, வெளியே பனி என்று நாள் கடத்திப் பார்த்தேன். கடைசியில் ஊரிலிருந்து என் வீட்டுக்காரர், "அம்புட்டுத் தூரம் போயிட்டு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காம வந்தா அவுக என்ன நினைப்பாக?" என்றார். என்ன நினைப்பார் என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவர் வாயிலிருந்து என்ன வரும் என்பதுதான் என் கவலை. அதை இவரிடம் சொல்ல முடியுமா?

போய் இறங்கியதும் சுதா மதினி கட்டிப்பிடித்து, கையோடு என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பாத்திரத்தில் முந்தாநாள் வடித்த கஞ்சி நுரைத்துக்கிடந்தது. பக்கத்தில் ஓர் அருப்புக்கோட்டைப் பருத்திச் சேலை. சாயங்காலம் அவர்களுடைய சிநேகிதர்கள் பத்துப் பேர் சாப்பிட வருகிறார்களாம். வருஷம் ஒரு தடவை ஒவ்வொரு வீட்டிலும் கூடி, அந்தந்த வீட்டின் பூர்வீகத்தைப் பற்றிப் பேசுவார்களாம். இந்த வருஷம் இவர்கள் முறை. "சேலைக்கு எம்புட்டுக் கஞ்சின்னு எனக்குத் தெரியல. நீதான் கரெக்டாப் போடுவ" என்றாள் மதினி. அதற்குத்தான் இத்தனை போன் என்று அப்போதுதான் விளங்கியது. விருந்தாளியாகப் போனவள் முழங்கை வரை கஞ்சியில் நின்றேன். விரலிடுக்கில் அந்தக் கொழகொழப்பு ஏறியதும் அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு, விடியாத ஐந்து மணியோடு, வந்து நின்றுவிட்டது.

அந்தத் தெருவைப் பற்றி உருகி உருகி எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு அது பிடிக்காது. வீட்டுக்கு வீடு தறிக்குழி. சாக்கடையில் சாயத்தண்ணி ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் பச்சையாகவும் ஓடும். கோடையில் கரிசல்காட்டுப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் வாயெல்லாம் மண். தறி போய்விட்டதே என்று இப்போது யாராவது கண்ணைக் கசக்கினால், ஒரு வாரம் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே பாவு.

பாவு என்றால் சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகள். வெறும் நூலை அப்படியே தறியில் ஏற்றினால் பத்து நிமிஷத்தில் அறுந்து தொங்கும். அதற்குக் கஞ்சி குடிக்கக் கொடுக்க வேண்டும். தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தேய்த்து, முழங்கை நீள நார்ப் பிரஷ்ஷை, எங்கள் பேச்சில் அது புருசு, எதிரெதிராக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நீவிக்கொண்டே போவார்கள். மற்றவர்கள் இரண்டு பக்கமும் நின்று, ஒட்டிய இழைகளை விரலால் பிரித்து, அறுந்ததை முடிந்துகொண்டே வர வேண்டும். எல்லாம் வெயில் ஏறுவதற்குள். ஈரம் முந்திக் காய்ந்தால் அத்தனை இழையும் ஒட்டிக்கொண்டு பாய் மாதிரி ஆகிவிடும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியம் இல்லை. குறைந்தது பதினைந்து பேர் வேண்டும்.

அந்தப் பதினைந்து பேரும் கூலி ஆட்கள் இல்லை, எங்கள் தெருக்காரர்கள்தான். யார் வீட்டில் பாவோ அந்த வீட்டுப் பொம்பளை விடியுமுன்னே தெரு நடுவில் வந்து நின்று ஒரே ஒரு தரம் கூப்பிடுவாள். நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. "ராண்டி!" என்பாள். வாங்க என்று அர்த்தம். அவ்வளவுதான். கதவுகள் திறக்கும். கண்ணில் பீளையோடு, கொட்டாவியோடு, முந்தின நாள் வாய்த்தகராறு போட்டவள்கூட வருவாள். வந்தவர்களுக்குக் கையில் எதுவும் கொடுக்கக்கூடாது. சொம்பில் தண்ணீர் வைக்கலாம். ஒரு வாழைப்பழம், ஒரு வெற்றிலை கொடுத்தாலும் அது கூலியாகிவிடும். கூலி வாங்கியவளை மறுபடி சும்மா கூப்பிட முடியாது, அவளும் உன்னைக் கூப்பிட மாட்டாள். இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தெருவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் நன்றாகத் தெரியும். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் குரல் தெருவில் பேர்போனது. மற்றவர்கள் கூப்பிட்டால் பக்கத்து நாலு வீட்டுக்குக் கேட்கும். அம்மா கூப்பிட்டால் முக்குக் குழாயடியில் தண்ணீர் பிடிப்பவர்கள் குடத்தை வைத்துவிட்டு வருவார்கள். எதிர்வீட்டு வெங்கட்டம்மா அத்தை, "மதினி, நீங்க கூப்பிட்டா மதுரைலருந்து பஸ்ஸேறி வந்துருவாக போல" என்று கேலி பண்ணுவாள். அம்மாவும் அத்தையும்தான் எந்த வீட்டுப் பாவிலும் புருசின் இரண்டு பக்கம். இருவருக்கும் ஒரே உயரம். நடக்கும்போது கால்கூட ஒன்றாகத்தான் எடுத்துவைப்பார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது. பி.காம். கடைசி வருஷம். எட்டு மணி பஸ். அதற்கு முன்னால் யார் வீட்டுப் பாவிலாவது இரண்டரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனால், எந்தச் சோப்புப் போட்டாலும் விரலில் அந்தப் புளிப்பு வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு நாள் மூக்கைச் சுளித்து எழுந்துபோனாள். அன்றைக்கு முழுக்க நோட்டை மூடிக் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த "ராண்டி" என்கிற சொல்லே இல்லாமல் போகட்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். தெய்வம் எதைக் கேட்கிறதோ இல்லையோ, இந்த மாதிரி வேண்டுதலை மட்டும் உடனே கேட்டுவிடுகிறது.

அந்த வருஷம்தான் மோகன் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். பெரியப்பா பம்பாய்க்கு வேலைக்குப் போனவர், அண்ணன் அங்கேயே பிறந்து கனடா போனவர். தறியைப் படத்தில்தான் பார்த்திருப்பார். பூர்வீகத்தைத் தேடி வந்திருக்கிறேன் என்றார். தொலைத்தது யார் என்று கேட்க ஆளில்லை. கையில் வீடியோ கேமரா. ஒரு வேன் பிடித்து எங்களையும் ஏற்றிக்கொண்டு திருச்சுழி கோயில், பரளச்சி என்று நாள் முழுக்கச் சுற்றினார். பரளச்சியில் உளுந்து அடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து, எங்கள் முன்னோர்கள் இந்தப் பக்கம்தான் இருந்தார்கள், ஏதாவது தெரியுமா என்று கேமராவை நீட்டினார். அந்த ஆள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நெசவுக்காரவுகளா? அவுக இங்க ஏன் வாராக? டவுனுக்குப் போயி கேளுங்கய்யா" என்றார். டவுனிலிருந்துதான் வேன் வைத்துப் போயிருந்தோம்.

மறுநாள் எங்கள் வீட்டுப் பாவு. அம்மா வழக்கம்போல ஐந்து மணிக்குக் கூப்பிட்டாள். எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்போது மாடியிலிருந்து அண்ணன் கேமராவோடு ஓடிவந்தார். "சித்தி, இருட்டா இருக்கு, ஒண்ணும் விழாது. வெளிச்சம் வந்தப்புறம் மறுபடி கூப்பிடுங்க. எல்லாரும் வீட்டுக்குள்ள போயிட்டு, கூப்பிட்டதும் கதவைத் திறந்துக்கிட்டு வாங்க. நேச்சுரலா." நல்லா இருக்குமே என்று சிலர் சிரித்தார்கள். அப்பாவுக்கோ அண்ணன் மகன் வாய் திறந்தால் அது அரசாங்க உத்தரவு மாதிரி. சரி என்றுவிட்டார். உள்ளே போன பொம்பளைகள் சும்மா இருப்பார்களா? தலை வாரி, பவுடர் பூசி, நல்ல சேலை மாற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். ஏழு மணிக்கு அம்மா இரண்டாவது தடவை கூப்பிட்டாள். ஒரு பாவுக்கு இரண்டு தரம் கூப்பிட்டது எங்கள் தெருவில் அதுதான் முதல் முறை.

வெயில் ஏறிவிட்டது. கஞ்சி தேய்த்த இடம் புருசு வருவதற்குள் விறைக்க ஆரம்பித்தது. வெங்கட்டம்மா அத்தை, பட்டுக்கரைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பராக்குப் பாக்காதீகடி, மதினி பாவு கட்டியாப் போயிரும்" என்று கத்தினாள். தண்ணீர் தெளித்து, ஓடி ஓடி, விரல் வெட்டிக்கொண்டு, எப்படியோ பாவைக் காப்பாற்றிவிட்டார்கள். அண்ணன் கண் கலங்கிப்போனார். நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கினார். அதுதான் கோளாறு.

எனக்கு அவர் கொண்டுவந்திருந்த பச்சைச் சுடிதாரில் நான் கதவோரம் நின்றிருந்தேன். என்னிடம் வந்தார். "பாவம், இவ்வளவு பாடுபட்டிருக்காங்க. ஆளுக்கொரு கவர்ல நூறு ரூபா வச்சிருக்கேன். குடுக்கலாமா? தப்பா நினைச்சுக்க மாட்டாங்கல்ல?"

வந்து ஒரு வாரத்தில் அந்த மனிதர் கேட்ட ஒரே ஒரு உருப்படியான கேள்வி அது. அம்மா பத்தடி தள்ளிப் பாவைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நான் என் விரல்களைப் பார்த்தேன். இதை மட்டும் கொடுத்துவிட்டால் நாளைக்கு யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. தெரியாமல் இல்லை, நன்றாகத் தெரிந்துதான், "குடுங்கண்ணே. சந்தோஷப்படுவாக" என்றேன். தாம்பாளத்தையும் நானே எடுத்துவந்து ஏந்தினேன்.

யாரும் சத்தம் போடவில்லை. முதல் கவர் வெங்கட்டம்மா அத்தைக்கு. அதைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுருட்டுவதை நிறுத்திவிட்டு நின்றாள். கொடுப்பது மூத்தார் மகன், வீடு தேடி வந்தவன், சுதா மதினி கையில் கேமரா வேறு ஓடுகிறது, அம்மா என்ன பேசுவாள்? அத்தை, "குடுக்கும்போது வாங்கிக்கணும், வாங்கிக்கங்கடி" என்று பின்னால் நின்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தாம்பாளம் காலியானதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து அடுத்த பாவு. அண்ணன் கனடா போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா ஐந்து மணிக்குக் கூப்பிட்டாள். ஒரு கதவும் திறக்கவில்லை. எதிர்வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. அம்மா போய் நின்றாள். உள்ளே இருந்தபடியே அத்தை சொன்னாள்:

"கோவிச்சுக்காதீக மதினி. கை நீட்டி வாங்கியாச்சு. இனி வந்தா கூலிக்கு வந்த மாதிரில இருக்கும்."

"பய தெரியாமக் குடுத்துட்டான் வெங்கட்டம்மா."

"அவருக்குத் தெரியாது, சரி. உங்க வீட்டு ஆளுகதான தட்டை ஏந்துனாக?"

அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் அன்றைக்கு அந்தப் பாவோடு மல்லுக்கட்டினோம். ஒன்பது மணிக்கு அது பாயாகக் கிடந்தது. அதைவிட மோசம், அந்த வாரமே வெங்கட்டம்மா அத்தை வீட்டுப் பாவுக்கு அவள் கூப்பிட்டபோது நடந்தது. அம்மா எழுந்து போனாள். தனக்கு யாரும் வராவிட்டாலும் தான் போக வேண்டும் என்று போனாள். புருசின் மறுமுனையில் கையை வைத்ததும் அத்தை மெதுவாக அந்தக் கையை எடுத்துவிட்டு, "நீங்க ஏன் மதினி சிரமப்படுறீக, இருக்கட்டும்" என்றாள். அம்மா திரும்பி வந்து, கஞ்சி பட்ட கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் போர்வைக்குள் தூங்குகிற மாதிரிக் கிடந்தேன். வேண்டிய தூக்கம் கிடைத்துவிட்டது, கண்தான் மூடவில்லை.

அதற்குப் பிறகு அம்மா தெருவில் நின்று கூப்பிடவே இல்லை. அப்பா, ஆலையில் கஞ்சி போட்டுச் சுருட்டித் தரும் பாவை லோடு ஆட்டோவில் இறக்கினார். கொஞ்ச நாளில் பவர்லூம் வந்தது. ஊரில் எல்லோருக்கும் அதேதான் நடந்தது. நாங்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நான் சொல்வது தொழிலைப் பற்றி இல்லை. ஒரு தடவை மட்டும் அம்மா என்னிடம், "நீயாவது அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். "என்கிட்ட எங்க கேட்டாரு?" என்றேன். நம்பிவிட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேருகிறவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது புரிகிறதா, அண்ணன் வீட்டுக்குப் போகாமலிருக்க ஏன் அத்தனை சாக்குச் சொன்னேன் என்று? அவர் செய்ததற்கு அவரை வெறுத்தேன். நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் என்பதற்காக அதைவிட அதிகமாக வெறுத்தேன்.

சாயங்காலம் சிநேகிதர்கள் வந்தார்கள். நான் கஞ்சி போட்ட சேலையில் மதினி சரசரவென்று நடந்தாள். விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, எல்லாம் நம் ஊர் நெசவின் பெருமை என்று அண்ணன் விளக்கினார். நான் ஆமாம் போட்டேன். பிறகு சுவர் அகலத்துக்கு இருந்த டிவியில் அந்தப் படத்தைப் போட்டார். எங்கள் தெரு. பவுடர் பூசிய முகங்கள். பட்டுக்கரைச் சேலையில் வெங்கட்டம்மா அத்தை. பச்சைச் சுடிதாரில் தாம்பாளத்தோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நான்.

"இந்த கவர் குடுத்தது இருக்கே, நான் தயங்கினேன்" என்றார் அண்ணன் எல்லோரிடமும். "இவகிட்டதான் கேட்டேன். குடுங்கண்ணே, சந்தோஷப்படுவாங்கன்னா. இவதான் ஐடியா குடுத்தது." எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். இருபத்தைந்து வருஷம் நான் பயந்த சொல் கடைசியில் கைத்தட்டலோடு வந்தது. எதிர்த்துப் பேசவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. சிரித்துவைத்தேன், டிவியில் சிரித்தவளைப் போலவே.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. படம் முழுக்க வீணைதான் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஆரம்பத்துல அம்மா கூப்பிடுறது இருக்குமே. அதுக்குச் சத்தம் வைங்க."

"சத்தம் இல்லம்மா. கேசட்லருந்து மாத்தும்போது ஒரே இரைச்சலா இருந்துச்சு. அதான் எடுத்துட்டு மியூசிக் போட்டேன். நல்லா இருக்குல்ல?"

"பழைய கேசட்டு?"

"வீடு மாறுறப்ப தூக்கிப் போட்டாச்சு."

எங்கள் வீட்டில் அம்மாவின் போட்டோ நிறைய இருக்கிறது. குரல் எங்கேயும் இல்லை. போனில் பேசியதைப் பிடித்து வைக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அந்தக் குரல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அதுவும் நான் வெறுத்த அந்த ஒரு சொல்லில், இரண்டாம் தடவை கூப்பிட்டதில். விடியுமுன்னே படுக்கையில் கிடந்தபடி எத்தனையோ தரம் கேட்டதுதான். இப்போது நினைவில் தேடினால் சொல் வருகிறது, குரல் வரவில்லை. அந்த 'டி'யை எங்கே இழுப்பாள், எங்கே விடுவாள் என்பதெல்லாம் போய்விட்டது.

முதலிலிருந்து போடச் சொன்னேன். அண்ணன் சந்தோஷமாகப் போட்டார். அம்மா தெரு நடுவில் வந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். வாயைத் திறந்தாள். வீணை வாசித்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்து எல்லோரும் வந்தார்கள், முதலில் வெங்கட்டம்மா அத்தை. எதைக் கேட்டு வருகிறார்கள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் கேட்கவில்லை.